அஃபர்வட் மலையின் பனியடுக்குகள்: ஒரு குல்மார்க் நாட்குறிப்பு

முதல் நாள்: ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க்

காலை விமானத்தில் ஸ்ரீநகர் வந்து சேர்ந்தோம். தங்மார்க் வரை சாலை ஈரமாக மட்டுமே இருந்தது. அங்கிருந்து குல்மார்க்குக்கு ஏறும் 13 கிலோமீட்டர் மலைப்பாதையில், சக்கரங்களில் சங்கிலி கட்டிய வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். வண்டி மாறும் இடத்தில் நாங்கள் நின்ற அரைமணி நேரத்திலேயே பனி விழத் தொடங்கிவிட்டது. காஷ்மீரியில் பனிக்கு 'ஷீன்' என்று பெயர். தேநீர்க்கடையில் ஃபெரன் என்னும் தொளதொளத்த அங்கிக்குள், காங்கிரி என்னும் கனல்சட்டியை அணைத்துக்கொண்டு அமர்ந்திருந்த பெரியவர், அந்தச் சொல்லை மழைக்காகக் காத்திருந்த நம் ஊர் விவசாயி 'மழை' என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

நாங்கள் மூவர். ஈரோட்டைச் சேர்ந்த அண்ணன் ஒருவர், சென்னையில் மருத்துவராக இருக்கும் தங்கை ஒருவர், நான். மூவருக்கும் பனிச்சறுக்கு புதிதல்ல. ஆனால் இம்முறை நாங்கள் வந்திருப்பது ரோப்வே ஓரமாக அமைந்த, ரோந்துக் குழுவின் கண்காணிப்பில் உள்ள சரிவுகளுக்காக அல்ல. எல்லைக் கயிற்றுக்கு அப்பால், யாருடைய காவலும் இல்லாத திறந்த மலையில் சறுக்கும் பேக்கன்ட்ரி பயணத்துக்காக வந்திருக்கிறோம். அங்கே எந்தச் சரிவு தாங்கும், எந்தச் சரிவு பெயரும் என்பதை நாமே கணித்தாக வேண்டும். ஆறு நாளும் அந்தக் கணிப்பைத்தான் எழுதப்போகிறேன். விடுதியையும் உணவையும் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரோப்வேயின் முதல் கட்டம் 1998இல் திறக்கப்பட்டது. அது சுமார் 3,100 மீட்டரில் உள்ள கோங்டூரிக்குக் கொண்டுசெல்கிறது. 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையின் தோளில், சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. சாதாரணமாக ஒரு நாள் முழுவதும் ஏறி, வழியெல்லாம் பனியை மிதித்து, அதன் தன்மையைக் காலால் அறிந்துகொண்டே சென்று சேர வேண்டிய உயரத்துக்கு அரைமணி நேரத்துக்குள் போய்விட முடிகிறது. அந்த அறிதல் நமக்குக் கிடைக்காமல் போவதுதான் இந்த மலையில் எனக்கு முதல் கவலை.

மாலையில் எங்கள் வழிகாட்டி வந்தார். தங்மார்க்காரர், வயது ஐம்பதை நெருங்குகிறது, எல்லோரும் அவரை 'பாய்' என்றே அழைக்கிறார்கள். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஜனவரியில் இங்கே என்ன நடந்தது என்று தெரியுமா என்பது. இந்த ஆண்டு ஜனவரியின் பெரும்பகுதி வறண்டு கழிந்திருக்கிறது. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைச் 'சில்லை கலான்' என்பார்கள். அந்த நாற்பது நாளில் விழும் பனிதான் வருடம் முழுவதற்குமான முதலீடு. அது பொய்த்தால் வசந்தத்தில் ஆற்றில் நீர் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பொய்த்தால் பிப்ரவரியில் மலை நம்பத்தகாததாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை என்றார் பாய்.

இரண்டாம் நாள்: மூடிய ரோப்வே, முற்றத்துப் பயிற்சி

இரவு முழுவதும் பனி. காலையில் விடுதி முற்றத்தில் அளந்தபோது 38 சென்டிமீட்டர் புதுப்பனி இருந்தது. காற்றின் வேகத்தால் இரண்டாம் கட்ட ரோப்வேயை மூடியிருந்தார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்கத்திய இடையூறு என்னும் காற்றமைப்பு பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதும்போது, முதலில் நின்று வாங்கிக்கொள்ளும் மலைகளில் அஃபர்வட்டும் ஒன்று. மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று, பனியை முகட்டுக்கு மேலாக அள்ளி வந்து, நாம் சறுக்கும் கிழக்குச் சரிவுகளில் கொட்டிவிடும். வானத்திலிருந்து ஒரு முழம் பொழிந்திருந்தால், காற்றின் மறைவில் உள்ள சரிவில் மூன்று முழம் சேர்ந்திருக்கலாம். ஆகவே முற்றத்தில் அளந்த 38 சென்டிமீட்டரை மேலே உள்ள பனியின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டிஜிஆர்இ மையம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. குல்மார்க் அமைந்துள்ள பாரமுல்லா மாவட்டத்துக்கு இன்று எச்சரிக்கை இருந்தது. அது அவசியமான செய்தி. ஆனால் ஒரு மாவட்டம் முழுவதற்கும், ஓர் உயரத்துக்கு மேல் என்று சொல்லப்படும் எச்சரிக்கை, நான் நிற்கும் இந்த ஒரு சரிவைப் பற்றி முடிவு சொல்லாது. அங்கிருந்து நம் வேலை தொடங்குகிறது.

ஏற முடியாத நாளை மீட்புப் பயிற்சிக்குக் கொடுத்தோம். ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு டிரான்ஸீவர் கட்டப்பட்டிருக்கும். எந்த நிறுவனம் தயாரித்தாலும் அது 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறியையும் எண்ணையும் பார்த்து நெருங்க வேண்டும். கைபேசி அருகில் இருந்தால் கருவி தடுமாறும். அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டர், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அண்ணன் கைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததால், முதல் தேடலில் அம்புக்குறி இருமுறை திசை மாறியது. மூன்று மீட்டருக்குள் வந்ததும் கருவியைப் பனிப்பரப்பின் மீது தாழ்த்திக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, எண் மிகக் குறையும் இடத்தில் புரோப் என்னும் நீளக் கம்பியைச் செங்குத்தாக இறக்க வேண்டும். தட்டாவிட்டால் அதே இடத்தைச் சுற்றி 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வட்டமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். பனியில் புதைத்து வைத்த பையின் மீது கம்பி படும்போது கையில் உணர்வது வேறு மாதிரி இருக்கிறது. தரை 'டக்' என்று நிற்கும். பை மெத்தென்று உள்வாங்கித் திருப்பித் தள்ளும். அந்த வேறுபாட்டை விரல்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்வரை பத்துப் பதினைந்து முறை குத்திப் பார்த்தோம்.

இதில் அவசரம் ஏன் என்பதை மருத்துவத் தங்கை விளக்கினார். புதைந்தவர்களில் பெரும்பாலோர் உயிரிழப்பது குளிரால் அல்ல, மூச்சடைப்பால். வெளிவிட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். மூச்சின் ஈரம் முகத்துக்கு முன் உறைந்து பனிக்கூடாகிவிடும். முதல் கால்மணி நேரத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்பது 1990களின் சுவிட்சர்லாந்து ஆய்வு கொடுத்த கணக்கு. அண்மைக் காலத் தரவுகளை வைத்து அதே நாட்டில் செய்த புதிய ஆய்வு, அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்திருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கூட நிற்பவர்களைத் தவிர வேறு யாரும் நேரத்துக்கு வர முடியாது என்பது விளங்கும். எங்கள் முதல் முயற்சிக்கு 14 நிமிடம் ஆயிற்று. இருட்டும்போது ஏழரை நிமிடத்துக்கு வந்திருந்தோம்.

மூன்றாம் நாள்: குழி

நண்பகலில் பனி நின்றது. கோங்டூரி வரை ரோப்வேயில் சென்று, ஸ்கையின் அடியில் ஸ்கின் ஒட்டி, மேலே எதுவும் தொங்கிக்கொண்டிருக்காத ஒரு மேட்டின் வழியாக 3,300 மீட்டர் வரை நடந்தோம். ஸ்கின் என்பது முன்னே வழுக்கவும் பின்னே பிடிக்கவும் வைக்கும் மயிர்ப்பட்டை. 28 பாகைச் சாய்வுள்ள, வடகிழக்கு நோக்கிய ஒரு சரிவில் குழி வெட்டினோம். பாளமாகப் பெயரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் தொடங்குகின்றன. ஆகவே அதே திசையில், அதே உயரத்தில், ஆனால் சாய்வு சற்றுக் குறைந்த இடத்தில் வெட்டினால், ஆபத்தில் நிற்காமல் ஆபத்தின் உட்புறத்தைப் பார்க்க முடியும்.

தரைவரை 107 சென்டிமீட்டர் வந்தது. சுவரைச் செங்குத்தாகச் சீவி, பாய் மெல்லிய தூரிகையால் ஒருமுறை வருடியதும், மெத்தென்ற அடுக்குகள் உள்வாங்கி, கெட்டியான அடுக்குகள் புடைத்து, மரத்தின் வளையங்கள்போல வரிகள் தெரிந்தன. மேலே முஷ்டி முழுவதும் எளிதாக நுழையும் புதுப்பனி. அதன் கீழ், நான்கு விரல் மட்டும் நுழையும் அளவுக்குக் காற்று அழுத்தி இறுக்கிய அடுக்கு. இரண்டும் சேர்ந்து 62 சென்டிமீட்டர். அதற்குக் கீழே தரைவரை ஜனவரியின் பனி. அதை விரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து குழிக்குள் கொட்டியது.

உள்ளங்கையில் எடுத்து உருட்டப் பார்த்தேன். கொழுக்கட்டைக்கு மாவு பிடிப்பதுபோல எவ்வளவு அழுத்தியும் பிடிபடவில்லை. கல்சீனிபோல விரலிடுக்கில் வழிந்தது. கறுப்பு அட்டையில் தூவி உருப்பெருக்கியில் பார்த்தபோது ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், பட்டை தீட்டிய கற்கண்டுபோல முகங்களும் விளிம்புகளும் கொண்டு மின்னியது. விழுந்தபோது ஆறு கிளையுள்ள மென்மையான பனிப்பூவாக இருந்ததுதான் இப்படி மாறியிருக்கிறது. மாற்றியது குளிரன்று, குளிரின் ஏற்றத்தாழ்வு. பனிக்கடியில் தரை ஏறத்தாழ பூஜ்ஜியம் பாகையிலேயே இருக்கும். ஜனவரியில் பனி 45 சென்டிமீட்டர்தான் இருந்தது; தெளிந்த இரவில் அதன் மேற்பரப்பு மைனஸ் 12 வரை இறங்கியிருந்தால், பத்து சென்டிமீட்டருக்கு இரண்டரைப் பாகைக்கு மேல் வேறுபாடு. ஒரு பாகை போதும்: கீழிருந்து நீராவி மேலேறி, ஒரு மணியிலிருந்து விலகி அடுத்த மணியில் படிந்து, பிணைப்புகளைக் கரைத்து, மணிகளைப் பெரிதாக்கிவிடும். இதைத்தான் சர்க்கரைப் பனி என்கிறார்கள். பனி நிறைய விழுந்திருந்தால் இந்த வேறுபாடு மெல்லப் பரவி, அடுக்கு இறுகியிருக்கும். பனி குறைவாக விழும் ஆண்டில் ஆபத்து ஏன் கூடுகிறது என்பதற்கு, என் உள்ளங்கையில் கிடந்த அந்த மணிகள்தான் விடை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பனியின்றிப் பழுப்பாகக் கிடந்த படங்கள் நினைவிருக்கலாம். பிப்ரவரியில் பெரும்பனி வந்தது. 22ஆம் தேதி அஃபர்வட் சரிவில் ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் இறந்தார்.

பிறகு சோதனை. 90 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு பனித்தூணைப் பின்புறமும் பக்கங்களும் அறுத்துத் தனியாக்கி, அதன் ஒரு முனையில் மண்வாரியின் தகட்டை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என மொத்தம் முப்பது தட்டு. உடைகிறதா என்பதைவிட, உடைந்தது மறுமுனைவரை ஓடுகிறதா என்பதே கேள்வி. பதின்மூன்றாவது தட்டில் சர்க்கரைப் பனியின் தலைப்பில் ஒரு கோடு விழுந்தது. விழுந்த அதே கணத்தில் 90 சென்டிமீட்டரும் முழுப் பாளமாக நகர்ந்து பாயின் மடியில் வந்து நின்றது. யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அவர் தன் குறிப்பேட்டில் அந்த அடுக்கைச் சிவப்பு மையால் கோடிட்டார்.

நான்காம் நாள்: நீல வானம்

ஒரு மேகம் இல்லை. இரண்டாம் கட்ட ரோப்வே திறந்துவிட்டது. விடியற்காலையில் ரோந்துக் குழு, தன் கண்காணிப்பில் உள்ள 'மையக் கிண்ணம்' என்னும் சரிவுப் பகுதியை வெடி வைத்துச் சோதித்த ஓசை விடுதிவரை கேட்டது. மேலே சென்று இறங்கியபோது வடக்கே நங்கபர்பத் தெளிவாகத் தெரிந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் முகத்திலும் இருந்த ஆவல் எங்களுக்கும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இந்த மலையில் நேர்ந்த பெரிய இழப்புகள் பெரும்பனியை ஒட்டி வந்த நாட்களில்தான் நேர்ந்தன. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த, குல்மார்க்கின் உயர்மலைப் போர்ப் பள்ளியைச் சேர்ந்த 17 இராணுவ வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். கிலன்மார்க் ஒரு புல்வெளி, செங்குத்தான சரிவன்று. மேலே பெயர்வது கீழே சமதளம்வரை வந்து நிற்கும் என்பதால், நம் காலடியின் சாய்வை மட்டும் அளந்தால் போதாது. 2023 பிப்ரவரி 1 அன்று ஹாபத்குட் பள்ளத்தில் போலந்தைச் சேர்ந்த இரண்டு சறுக்கு வீரர்கள் இறந்தார்கள். உடன் இருந்த பலர் மீட்கப்பட்டார்கள். பனி நின்று வெயில் வந்ததும், பாளம் இறுகுவதற்கு முன்பே மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். உயிரிழப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பனிச்சரிவைத் தூண்டியது புதைந்தவரோ அவருடன் வந்தவரோதான் என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை.

எல்லைக் கயிற்றைக் கடந்து, முகட்டை ஒட்டிய சாய்வு குறைந்த பகுதியில் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நடந்தோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பாயின் காலடியில் 'வூம்ப்' என்று ஓர் ஓசை எழுந்தது. காதால் கேட்டோமா வயிற்றால் உணர்ந்தோமா என்று சொல்ல முடியாத, கதவு மூடிய அறைக்குள் நெல் மூட்டையைப் போட்டது போன்ற ஓசை. பரப்பு முழுவதும் விரல் அகலம் தாழ்ந்தது. அவர் ஸ்கையின் முனையிலிருந்து ஒரு வெடிப்பு மின்னல்போலப் பதினைந்து மீட்டர் ஓடி நின்றது. கீழே சர்க்கரைப் பனி நொறுங்கி, அதிலிருந்த காற்று வெளியேறும் ஓசை அது. அங்கே சாய்வு இருபது பாகைதான். அதனால் எதுவும் பெயரவில்லை. முப்பத்தைந்தாக இருந்திருந்தால் அந்த வெடிப்புதான் பனிச்சரிவின் தலைக்கோடாகியிருக்கும், அதாவது பாளம் அறுந்து பிரியும் மேல்விளிம்பாகியிருக்கும்.

"இதற்கு மேல் மலை எதுவும் சொல்ல வேண்டியதில்லை" என்று பாய் ஸ்கையைத் திருப்பினார்.

எங்களுக்கு இடப்புறம் ஒரு பெரிய சரிவு இருந்தது. அளவியில் பார்த்தேன்: 37 பாகை. வேறொரு குழுவினர் ஆறு பேர் அதன் தலைப்பில் நின்றிருந்தார்கள். பாய் கையசைத்துக் கூவினார். காற்றில் கேட்டதோ இல்லையோ, தெரியவில்லை. ஒருவர்பின் ஒருவராக அவர்கள் இறங்கினார்கள். ஆறு அழகான வளைகோடுகள். எதுவும் நடக்கவில்லை.

"தம்பி, நாமும் போயிருக்கலாமோ?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டது நல்லதாயிற்று. எனக்குள்ளும் அதுவே இருந்தது. சர்க்கரைப் பனியின்மேல் கிடக்கும் பாளம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. தடித்த இடத்தில் நம் எடை அடியடுக்கை எட்டாது. பாறையோரத்தில் மெலிந்த இடத்தில் எட்டிவிடும். ஆறு பேரும் மெலிந்த இடத்தைத் தொடாமல் போயிருக்கலாம். அது அவர்களுடைய கணிப்பா, தற்செயலா என்பதை அந்தச் சரிவு அவர்களுக்குச் சொல்லாது. பெயராத சரிவு, தவறான முடிவுக்கும் சரியான முடிவுக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்துவிடுகிறது. இந்தக் கலையைக் கற்பதில் உள்ள கொடுமை இதுதான். பத்து முறை தப்பியவர் அதை அனுபவம் என்று எண்ணிக்கொண்டு பதினோராவது முறை போகிறார். நாங்கள் மையக் கிண்ணத்துக்குத் திரும்பி, ரோந்துக் குழு திறந்து வைத்த பகுதியிலேயே மாலைவரை சறுக்கினோம். பனி அங்கும் அருமையாகவே இருந்தது.

ஐந்தாம் நாள்: இடிபாடு

அந்தச் சரிவு இன்னும் பெயரவில்லை. ஆனால் வெகு தொலைவில் வேறொரு பள்ளம் இரவில் தானாகவே பெயர்ந்திருக்கிறது. கீழிருந்து அதன் தலைக்கோடு, சீவிய சுவர்போல நிழலாகத் தெரிந்தது. பாதுகாப்பான பக்கத்திலிருந்து அதன் கடைசிப் பகுதிவரை போய்ப் பார்த்தோம். முந்தாநாள் ஊதினால் பறந்த பனி, இங்கே பானை அளவும் பெட்டி அளவுமான கட்டிகளாக இறுகிக் கிடந்தது. நடுவே பூர்ஜ மரத்தின் கிளையொன்று பட்டை உரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. மண்வாரியை ஓங்கிக் குத்தினேன்; இரண்டு அங்குலம்தான் இறங்கியது. ஓடும்போது உராய்வில் சூடேறும் பனி, நின்றவுடன் சிமெண்ட்போல இறுகிவிடுகிறது. புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது என்று படித்திருக்கிறேன். இன்று என் மணிக்கட்டு அதை அறிந்தது.

2016 பிப்ரவரியில் சியாச்சினின் சோனம் நிலையில் பனி சரிந்து, மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து ஒருவர் உயிரோடு எடுக்கப்பட்டு, அவரும் 11ஆம் தேதி இறந்தார். பனியே காணாத ஊர்களின் பிள்ளைகள். நாங்கள் விரும்பி வந்து நிற்கும் இதுபோன்ற மலைகளில் கடமைக்காக நின்றவர்கள். அந்தக் கட்டிகளின் முன் நின்றபோது எங்கள் மூவருக்கும் அவர்கள் நினைவுதான் வந்தது.

ஆறாம் நாள்: மீண்டும் குழி, காட்டு வழி

புறப்படுவதற்கு முன் மூன்றாம் நாள் வெட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி மீண்டும் வெட்டினோம். புதுப்பனி 62இலிருந்து 49 சென்டிமீட்டருக்கு அமுங்கியிருந்தது. முஷ்டி நுழையாமல் விரல்கள் மட்டுமே நுழைந்தன. சர்க்கரைப் பனி அப்படியே இருந்தது. வடக்கு பார்த்த குளிர்ந்த சரிவுகளில் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். இம்முறை 22ஆவது தட்டில்தான் உடைந்தது, தூண்டுவது கடினமாகியிருக்கிறது. ஆனால் உடைந்ததும் மறுமுனைவரை ஓடியது. தூண்ட அரிது, தூண்டினால் பெரிது என்னும் இந்த நிலைதான் எனக்கு மேலும் அச்சம் தருகிறது. இதில் ஓசையும் வெடிப்பும் இராது. பத்துப் பேர் கடந்த தடத்தில் பதினோராவது ஆள் சிக்குவார்.

கடைசி இறக்கத்தைப் பாபா ரிஷி தர்கா நோக்கிய காட்டு வழியில் எடுத்தோம். நெருங்கி நின்ற தேவதாரு மரங்கள்; இருபத்தைந்து பாகைக்கு மேற்படாத சாய்வு; கிளைகளிலிருந்து பனி உதிரும் ஓசை மட்டும். தங்கை முன்னே சென்றார், அண்ணன் நடுவில், நான் பின்னே. ஒவ்வொரு திறப்பிலும் நின்று, முன்னவர் மரங்களுக்குள் சேர்ந்த பிறகே அடுத்தவர் கிளம்பினோம். தர்காவுக்கு அருகில் சாலை வந்தது. அங்கே நூன் சாய் என்னும் உப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நாளை ஒரு குழுவை மேலே அழைத்துச் செல்லவிருக்கும் இளம் வழிகாட்டி ஒருவர் வந்து பாயின் அருகில் அமர்ந்தார். இன்றிரவு மீண்டும் பனி என்று முன்னறிவிப்பு வந்திருக்கிறது. புதிய சுமை அந்தப் பழைய அடுக்கின் மேல்தான் ஏறும். பாய் குறிப்பேட்டைப் புரட்டி, இரண்டு குழிகளின் பக்கங்களையும் அவர் முன் விரித்து வைத்து, சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். அந்த இளைஞர் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, தன் கைபேசியில் அந்த இரு பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டார்.